பெல்ட்டு வயித்துல இல்ல, எலும்புல உக்காரணும்

இடுப்புக்கு ரெண்டு பக்கமும் கட்டைவிரல வெச்சு அழுத்திப் பாருங்க, முன்னால கூரா ரெண்டு எலும்பு முட்டும். யுனிவர்சிட்டி பசங்க சேர்ந்து செய்யிற ஃபார்முலா ஸ்டூடன்ட் ரேஸ் காருக்கு நாங்க சீட் டிசைன் பண்ணப்ப, எல்லாக் கணக்கும் கடைசியில அந்த எலும்புகிட்டதான் வந்து நின்னுச்சு.

சீட் மோல்ட எடுத்தது சுங்கை சிப்புட்ல, மாமா செம்பனை லோரி ரிப்பேர் பண்ற வொர்க்‌ஷாப்புல. பலகைப் பெட்டிக்குள்ள தடிச்ச குப்பைப் பை, அதுல ரெண்டு திரவத்தக் கலந்து ஊத்துற ஃபோம், மேல டிரைவர் ஹெல்மெட்டோட, கால் பெடல்ல கை ஸ்டீரிங்ல, ஓட்டுற மாதிரியே உக்காரணும். ஃபோம் சூடாகி உப்பி முதுகு வளைவு, இடுப்பு ஓரம்னு சந்து சந்தா ஏறும், அது இறுகுற வரைக்கும் அசையவே கூடாது. காத்தோட்டம், கையுறை, மாஸ்க் கட்டாயம், அந்த ஆவி நுரையீரலுக்கு ஆகாது.

இவ்ளோ ஒட்டி எதுக்குன்னா, வளைவுல 1.5 ஜி, அதாவது உடம்பு எடையப்போல ஒன்றரை மடங்கு விசை, வந்தா 60 கிலோ ஆள 90 கிலோ கனம் பக்கவாட்டுல தள்ளுது. சீட் தாங்கலன்னா ஆளு ஸ்டீரிங்கத்தான் பிடிச்சுத் தொங்கணும், அப்புறம் எங்கேர்ந்து திருப்புறது?

மோதல் இன்னும் மோசம். 40 கிலோமீட்டர் வேகத்துல வந்து அரை மீட்டர்ல நின்னா சுமார் 12.5 ஜி, அதே உடம்பு முக்கா டன் கணக்குல பெல்ட்ட இழுக்கும். குடல் அதத் தாங்காது, இடுப்பெலும்புதான் தாங்கும். அதனாலதான் நிமிந்து உக்கார்றவருக்கு மடி பெல்ட்டு தரைமட்டத்துக்கு 45லேர்ந்து 65 டிகிரி, சாஞ்சு உக்கார்றவருக்கு 60லேர்ந்து 80ன்னு போட்டி விதி சொல்லுது. பெல்ட்டு ரொம்பத் தட்டையா போனா இடுப்பு அதுக்கு அடியில வழுக்கி முன்னால ஓடிரும், பெல்ட்டு வயித்துல ஏறிரும். தொடை நடுவுல வர்ற பட்டை இருக்கே, அது மடி பெல்ட்ட மேல ஏற விடாம கீழ பிடிச்சு வைக்கத்தான். தோள் பெல்ட்டோட பின்கட்டு ரொம்பக் கீழ இருந்தா மோதுறப்ப முதுகெலும்ப அமுக்கும். மாட்டுறப்பவும் மடிய முதல்ல இறுக்கிட்டுத்தான் தோள இறுக்கணும், மாத்திச் செஞ்சா தோள் பெல்ட்டு மடி பெல்ட்ட மேல தூக்கிரும்.

எங்க டீம்ல ரொம்பக் குள்ளமான பொண்ணு உக்காந்தப்பதான் தப்பு தெரிஞ்சது. சீட் பக்கத்துல பெல்ட்டு வர்ற ஓட்டைய ரெண்டு விரல் அதிக உயரத்துல வெட்டிட்டோம், பெல்ட்டு அவ இடுப்புல படாம ஃபோம் விளிம்பு மேல ஏறி நிக்குது. எவ்ளோ இறுக்கினாலும் இறுகுறது ஃபோம்தான், மோதினா அது நசுங்கும், அந்த அளவுக்கு பெல்ட்டு தொளதொளன்னு ஆயிரும். மாமா குனிஞ்சு பாத்துட்டு, "எங்கடா தம்பி வெட்டணும், கோடு போடு"ன்னாரு. அவளையே எலும்பத் தொட்டுக் காட்டச் சொல்லி, அதுக்குக் கீழ மார்க்கர்ல கோடு போட்டேன்.