ஜன்னலுக்குப் பின்னால் கிடந்த 17 மாத்திரைகள்

குடற்புழு நீக்க நாளுக்கு மறுநாள் காலை, பள்ளியைப் பெருக்கும் அக்கா ஒரு காகிதப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்தார். பத்தாம் வகுப்பு ஜன்னலுக்குப் பின்னால் சாக்கடை ஓரமாகக் கிடந்ததாம். பிரித்துப் பார்த்தால் 17 மாத்திரைகள், எல்லாம் அல்பெண்டசோல். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானே நின்று ஒவ்வொரு கையிலும் வைத்து, "கடிச்சு மென்னு முழுங்கணும்" என்று சொல்லிக் கொடுத்தவை. மெல்வது போலத்தான் எல்லாரும் வாயசைத்தார்கள்.

விசாரித்ததில் ஒரு ஆடியோ வெளியே வந்தது. 40 விநாடி, பதற்றமான பெண் குரல், "நான் ஒரு நர்ஸ் பேசறேன்" என்று ஆரம்பிக்கிறது. பெயர் இல்லை, ஊர் இல்லை, எந்த ஆஸ்பத்திரி என்பதும் இல்லை. இந்த மாத்திரையைப் போட்ட பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் கரு தங்காது என்கிறது. கடைசியில், "உங்க வீட்டுப் பிள்ளைங்களைக் காப்பாத்துங்க, எல்லாருக்கும் அனுப்புங்க." எனக்கு இது புதிதில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோதும் இப்படித்தான் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது, பெற்றோர்கள் பள்ளி வாசலில் வந்து நின்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள், தமிழ்நாட்டில் முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டி வந்தது. அன்றைக்கு எரிச்சல்பட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். இந்த முறை அப்படி விட மனசு வரவில்லை. அந்த 17 பேரில் 5 பேர் ரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கும் பெண்கள். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்துக்கொண்டிருக்கும்போது இரும்பு மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

விஷயம் ஆசிரியர் அறைக்கு வந்ததும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க எதைச் சொன்னாலும் நம்பிடுதுங்க. கொஞ்சம் சந்தேகப்படக் கத்துக்கொடுக்கணும்." இந்த ஒரு பேச்சுதான் என்னை இதை எழுத வைத்தது.

தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் எதையும் நம்பிவிடுகிறவர்களா? அவர்கள் என்னை நம்பவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஊசி போட, எடை பார்க்க, அவர்கள் அம்மாக்களுக்குப் பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் வரவழைக்க என்று பத்து வருடமாக ஊருக்குள் நடக்கும் நர்சம்மாவை நம்பவில்லை. அரசாங்கத்தை நம்பவில்லை. மாத்திரை அட்டையை நம்பவில்லை. சந்தேகம் அவர்களிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. அது ஒரே பக்கமாகத்தான் பாய்ந்தது. எங்கள் எல்லாரையும் சந்தேகப்பட்ட பிள்ளைகள், பெயர்கூடச் சொல்லாத ஒரு குரலைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை. இவர்களிடம் போய் "எதையும் நம்பாதே" என்று பாடம் எடுத்தால் என்ன ஆகும்? அடுத்த முறை 17 மாத்திரை 40 ஆகும். அவ்வளவுதான்.

சந்தேகம் தானாகவே நல்லது என்று நினைப்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று போன் போனாகச் செய்தி பரவிக்கொண்டிருந்த நாட்கள். போளூர் பக்கம் அத்திமூரில், கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. கூட்டம் கூடி அடித்ததில் 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். அடித்தவர்கள் எல்லாரும் சந்தேகப்பட்டவர்கள்தான். அந்த வருடம் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில் பைக்கில் வரும் இரண்டு பேர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சிக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்களே பிள்ளையைத் திரும்ப இறக்கிவிட்டு, குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டிவிட்டார்கள். வீடியோவையே திரும்பத் திரும்ப எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வெட்டிய துண்டு கண்ணில் படாது. வெளியே போய்த் தேடினால்தான் கிடைக்கும்.

இந்த "வெளியே போவது" என்பதைத்தான் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும் என்கிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், அதே பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் குழந்தை மருத்துவர் சங்கங்கள் இரண்டின் இணையப் பக்கங்களைக் காட்டினார்கள். ஒன்று 1930இல் தொடங்கி 60,000க்கும் மேல் உறுப்பினர்கள் கொண்டது. மற்றது அதிலிருந்து 2002இல் கொள்கைச் சண்டையில் பிரிந்துபோன சிறு குழு. பெயர்கள் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். பெரும்பாலான மாணவர்கள் சிறு குழுவின் பக்கத்தைத்தான் அதிக நம்பகமானது என்றார்கள். பக்கம் நேர்த்தியாக இருந்தது, அடிக்குறிப்பு இருந்தது, சின்னம் இருந்தது. பேராசிரியர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டே உட்காரவில்லை. உடனே வேறு ஜன்னல்களைத் திறந்து, இந்தச் சங்கத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். அவர்கள் அத்தனை பேரும் சரியாகச் சொன்னார்கள். முனைவர் பட்டத்தால் முடியாததை ஒரு பழக்கம் செய்தது. (நன்றாகப் படிக்கிற பிள்ளை ஏமாறாது என்று நினைக்கும் பெற்றோர் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும். அந்த 17 பேரில் வகுப்பின் முதல் மாணவியும் உண்டு.)

அடுத்த வாரம் ஹைடெக் லேபில் ஒரு மணி நேரம் வாங்கினேன். குடற்புழுவைப் பற்றி வாயே திறக்கவில்லை. தீபாவளி இரவில் இந்தியா ஜொலிப்பதை நாசா விண்வெளியிலிருந்து எடுத்தது என்று வருடாவருடம் குழுக்களில் சுற்றும் அந்தப் படத்தைக் கொடுத்து, "இது எங்கிருந்து வந்தது, கண்டுபிடிங்க" என்றேன். படத்தைப் போட்டுத் தேடும் வசதியைக் காட்டியது மட்டும்தான் என் வேலை. 11 நிமிடத்தில் ஒரு பெஞ்சிலிருந்து கை உயர்ந்தது. அது புகைப்படமே இல்லை. செயற்கைக்கோள் தரவுகளை வைத்து 2003இல் அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் உருவாக்கிய படம். 1992, 1998, 2003 என வருடத்துக்கு ஒரு நிறம் கொடுத்து, காலப்போக்கில் எங்கெங்கே புதிய விளக்குகள் வந்தன என்று காட்டியிருக்கிறார். தீபாவளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பிள்ளைகளின் முகத்தில் அப்போது தெரிந்த சந்தோஷத்தை நான் தேர்வு முடிவு நாளில்கூடப் பார்த்ததில்லை.

அப்புறம்தான் ஆடியோவைப் போட்டேன். கேட்டு முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நர்சம்மா சொல்றதும் ஒருத்தர் சொல்றதுதானே? அவங்களை மட்டும் ஏன் நம்பணும்?" என்றாள். சிலர் அவளை உட்காரச் சொல்லி இழுத்தார்கள். நான் நிற்கச் சொன்னேன், ஏனென்றால் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். நர்சம்மாவுக்குப் பெயர் இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது, உனக்கு ஏதாவது ஆனால் உன் அப்பா அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அடுத்த வாரமும் அவர் இதே ஊருக்குத்தான் வர வேண்டும். அந்தக் குரலுக்கு இதில் எது இருக்கிறது? அவளே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவங்க பதில் சொல்லவே வர வேணாம் டீச்சர்" என்றாள்.

மாத்திரை போட்ட சிலருக்கு லேசாக வயிறு வலிக்கும், குமட்டும். வயிற்றில் புழு அதிகம் இருந்த பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும், சீக்கிரம் சரியாகிவிடும். இதை நாம் முன்கூட்டியே சொல்லாமல் விடுவதால்தான் மதியம் இரண்டு பிள்ளைகள் வயிற்றைப் பிடித்ததும் ஆடியோ உண்மையாகிவிடுகிறது. வதந்தி நுழைந்த அந்த ஓட்டை நாங்கள் விட்டது. இதில் ஆசிரியர்களான எங்கள் தப்பும் இருக்கிறது.

பெற்றோருக்குச் சொல்கிறேன். போனைப் பிடுங்காதீர்கள். அந்த ஆடியோ பிள்ளைகள் போனில் பிறக்கவில்லை, உங்கள் சொந்தக்காரர்கள் குழுவிலிருந்துதான் வந்தது. ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து கை, அதற்கு மேலும் கூட, மாறி உங்களிடம் வந்திருக்கிறது. அனுப்பிய சித்திக்கும் அதை முதலில் பேசியவர் யாரென்று தெரியாது. "எல்லாருக்கும் அனுப்புங்க" என்று கெஞ்சுகிற செய்தியை அனுப்பாதீர்கள். படிக்கும்போதே கை நடுங்கினால் போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். சித்தி அனுப்பியது பொய் என்று உங்கள் பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னால், "பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குழுவில் எல்லார் முன்னாலும் போடாமல் தனியாகச் சித்திக்கு போன் பண்ணிச் சொல்லப் பழக்குங்கள். நாலு பேர் முன்னால் தப்பு என்று சொன்னால் யாரும் இறங்கி வர மாட்டார்கள், அன்போடு தனியே சொன்னால் கேட்பார்கள்.

சக ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்று. அடுத்த மாத்திரை நாளுக்கு முந்தின நாள் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். என்ன மாத்திரை, எதற்கு, வயிறு வலித்தால் என்ன செய்வது என்று சொல்லிவிட்டு, "என்னென்ன கேள்விப்பட்டீங்க?" என்று கேளுங்கள். அபத்தமாகத் தோன்றினாலும் திட்டாமல் கேளுங்கள். எங்கள் பள்ளியில் விடுபட்டவர்களுக்கான நாளில் அந்த 17 பேரில் 14 பேர் மாத்திரையை என் கண் முன்னால் மென்று விழுங்கினார்கள். மீதி மூன்று வீடுகளுக்கு இந்தச் சனிக்கிழமை நானும் நர்சம்மாவும் போகிறோம்.