கையெழுத்து வைத்தவருக்குப் பங்கில்லையா?

2024 ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனில் உள்ள என் அலுவலகத்துக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகள் லெபனானில், பெய்ரூட்டில் வீட்டு வேலை. இஸ்ரேலின் குண்டு விழ ஆரம்பித்ததும் வீட்டுக்காரர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். மகள் மட்டும் தனியாக மாடிவீட்டில். கடவுச்சீட்டு முதலாளியிடம்.

அவர் கொண்டுவந்த காகிதங்களை நான் புரட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "குண்டு போடுறது ஒரு நாடு, அதக் குடுக்கிறது இன்னொரு நாடுன்னு டிவில சொல்றாங்களே ஐயா. குடுத்தவங்கள யாரும் கேக்க மாட்டாங்களா?"

நான் சட்டத்தரணி. வெளிநாடு போன பெண்களின் சம்பளப் பாக்கி, முகவர்களின் ஏமாற்று, இவைதான் என் மேசைக்கு வருபவை. அந்த அம்மா கேட்டது, இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுக்கும் அமெரிக்காவைப் பற்றி. அன்றைக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை, அவசரம் வேறு. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், குழுக்கடன் எடுத்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். குழுவில் ஒருத்தி கிழமைத் தவணையைக் கட்டாவிட்டால், கையெழுத்து வைத்த மற்றவர்கள் தலையில் விழும். "கடன் வாங்கினது அவதானே" என்று சொல்லித் தப்ப முடியாது. நாடுகளுக்கு இடையிலான சட்டம் இவ்வளவு கறார் இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அரசுகளின் பொறுப்பு பற்றி ஐ.நா.வின் சர்வதேச சட்ட ஆணைக்குழு 2001இல் தொகுத்த விதிகளில் 16ஆவது இதைத்தான் பேசுகிறது: ஒரு நாடு செய்யும் சட்டவிரோதக் காரியத்துக்கு இன்னொரு நாடு தெரிந்தே உதவினால், அந்த உதவிக்கு அதுவும் பொறுப்பு. சிக்கல் முழுவதும் அந்தத் 'தெரிந்தே'யில்தான். "எங்களுக்கு அப்படித் தெரியாதே" என்பது எல்லா வல்லரசும் வைத்திருக்கும் பதில்.

மத்திய அமெரிக்க நாடான நிகரகுவா, அமெரிக்கா மீது போட்ட வழக்கைப் பாருங்கள். நிகரகுவா அரசை எதிர்த்த கொன்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது சட்ட மீறல் என்று 1986இல் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதே மூச்சில், கொன்ட்ராக்கள் செய்த கொடுமைகளை அமெரிக்காவே செய்ததாக எடுத்துக்கொள்ள முடியாது, அவர்கள் முழுக்க அதன் கட்டுப்பாட்டில் இல்லை என்றும் சொன்னது. தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கேட்டபோது ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்கா வீட்டோ போட்டு, அதாவது தன் ஒரே வாக்கால், தடுத்தது. கதை அத்தோடு சரி.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2007இல் வந்த பொஸ்னியா தீர்ப்பு. 1995இல் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் இனப்படுகொலை செய்த படைக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்துவந்தது பக்கத்து நாடான சேர்பியா. அந்த இனப்படுகொலையை சேர்பியா செய்யவில்லை, அதற்கு உடந்தை என்றும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் தடுக்க வேண்டிய கடமையில் தவறியது என்றது நீதிமன்றம். எவ்வளவு செல்வாக்கு இருக்கிறதோ அவ்வளவுக்குக் கடமையும் கூடும் என்பது அதன் அளவுகோல். இனப்படுகொலை உடன்படிக்கைக்குள் சொன்னதுதான், எல்லாச் சண்டைக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் அந்த அம்மாவின் கேள்விக்கு மிகக் கிட்ட வருகிற பதில் இதுதான்.

அமெரிக்காவுக்கு இஸ்ரேலிடம் செல்வாக்கு இல்லையா? 2016 ஒப்பந்தப்படி 2019 முதல் பத்து வருடத்துக்கு 3,800 கோடி டொலர் இராணுவ உதவி. 1957இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் நெருக்கியதால் இஸ்ரேல் எகிப்தின் சினாயை விட்டு வெளியேறியது. 1982 ஓகஸ்டில் ஜனாதிபதி ரீகன் இஸ்ரேல் பிரதமரோடு தொலைபேசியில் பேசிய அன்றே பெய்ரூட் மீதான குண்டுவீச்சு நின்றது. நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023 ஒக்டோபர் 8இல் எல்லை தாண்டி றொக்கட் அடிக்கத் தொடங்கியது லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கம். அதற்குப் பணமும் ஆயுதமும் ஈரானிடமிருந்து. அமெரிக்காவை அளக்கும் அதே கோலால் ஈரானையும் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சட்டம் இல்லை, பக்கச்சார்பு. (அந்த ஈரானுக்குத்தான் எண்ணெய்க் கடன் 25.1 கோடி டொலரை நம் தேயிலையைக் கொடுத்துக் கழிக்க 2021இல் ஒப்பந்தம் செய்தோம். கொழுந்து பறிக்கிற கைக்கும் இந்தச் சண்டைகளுக்கும் தூரம் அதிகமில்லை.)

பெரியவர்கள் தலைக்கு மேலே பேசி முடிப்பது மலையகத்துக்குப் புதிதா என்ன? 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டபோது, இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள். லயத்தில் யாரையும் கேட்கவில்லை.

சரி, மகளை அனுப்புகிறவர்கள் வல்லரசைத் திருத்தும்வரை காத்திருக்க முடியாது. விசிட் விசாவில் அனுப்பாதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியுங்கள். பதிவோடு காப்புறுதியும் வருகிறது. கடவுச்சீட்டு, ஒப்பந்தம் இரண்டையும் படமெடுத்து வீட்டில் இருக்கிறவர் போனிலும் வையுங்கள். முதலாளி கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கமாகிவிட்டது, அதனால் அந்தப் படம்தான் தூதரகத்தில் முதலில் உதவும். அந்த அம்மாவின் போனில் மகளின் ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் மட்டும் இருந்தது, அதுவும் மங்கலாக.

மகள் டிசம்பரில் வந்து சேர்ந்தாள். நான்கு மாதச் சம்பளம் பாக்கி. கோரிக்கைக் கடிதத்தை முதலாளிக்கும் முகவருக்கும் எழுதி, கையெழுத்துக்காக நீட்டினேன். மகள் வாசித்துக்காட்ட அந்த அம்மா கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேருக்குத்தானா ஐயா?"