மூடிய கண்ணுக்குள் இருக்கும் உண்ணி

"சார், பெட்டியில இருக்கிற அடைச் சட்டம் எல்லாத்தையும் எடுத்துப் பார்த்துட்டேன். ஒரு தேனீ மேலயும் உண்ணி இல்ல." வரோவா என்ற தேனீ உண்ணியைப் பற்றி இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. போன மாசியில் திண்டுக்கல் பக்கம் ஒரு முருங்கைத் தோட்டத்தில் நாற்பது பெட்டி வைத்திருந்த அண்ணனும் அதையேதான் சொன்னார். அடையின் கீழ் ஓரத்தில் குண்டு குண்டாகப் புடைத்திருந்த ஆண் தேனீக் கண்களில், அதாவது ஆண் புழு வளரும் மெழுகு மூடிய சிற்றறைகளில், பத்தைக் கிள்ளித் திறந்தேன். நான்கில் வெள்ளைக் கூட்டுப்புழுவின் மேல் செம்பழுப்பாக, நசுக்கிய கடுகு போல ஒன்று நகர்ந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவர் பார்த்ததில் பிழை இல்லை. பார்த்த இடம்தான் வேறு. புழு வளரும் காலத்தில் ஒரு பெட்டியிலுள்ள வரோவா உண்ணிகளில் பாதிக்கு மேல் மூடிய கண்களுக்குள்தான் இருக்கும். வெளியே தேனீ மேல் இருப்பவையும் பெரும்பாலும் வயிற்றின் அடிப்பக்க மடிப்பில் செருகிக்கொள்ளும், சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் தெரியாது. புழுக் கண்ணை மெழுகால் மூடுவதற்குச் சற்று முன் தாய் உண்ணி உள்ளே நுழைகிறது. முதல் முட்டை ஆண், அப்புறம் இடுவதெல்லாம் பெண். பணித்தேனீக் கண் ஏறக்குறைய 12 நாள் மூடியிருக்கும். ஆண் தேனீக் கண்ணுக்கு 14, 15 நாள். கூடுதலாகக் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று நாளில் இன்னொரு மகள் வளர்ந்துவிடும் என்பதால்தான் ஆண் கண்களை அது தேடிப் போகிறது. நானும் முதலில் அங்கேதான் தேடுகிறேன்.

தேனீயின் ரத்தத்தைக் குடிக்கிறது என்றுதான் நெடுநாள் சொல்லி வந்தோம். வளர்ந்த தேனீயில் அது முக்கியமாக உண்பது கொழுப்புத் திசுவை என்று 2019-ல் சாமுவேல் ராம்சேயின் குழு காட்டியது. நம் உடலில் கல்லீரல் செய்யும் வேலைகளில் பலவற்றைத் தேனீயில் அந்தத் திசுதான் செய்கிறது. கடித்த இடம் வழியாக இறக்கைச் சிதைவு வைரஸும் ஏறுகிறது. சுருங்கிய இறக்கையோடு பெட்டி வாசலில் தேனீக்கள் ஊர்ந்து திரிவதைக் கண்ட பிறகு கூப்பிட்டால், பாதிப் போர் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணுவது கடினமில்லை. ராணி அந்தச் சட்டத்தில் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். புழு இருக்கும் அடையிலிருந்து அரை கப் தேனீயை, அதாவது சுமார் 300 தேனீயை, ஒரு பாட்டிலில் உதறி, வாயில் தேனீ நுழையாத கம்பி வலை கட்டுங்கள். இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை போட்டு ஒரு நிமிடம் உருட்டி, இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டின் மேல் தலைகீழாக நன்றாகக் குலுக்குங்கள். சர்க்கரை கரையும், உண்ணி தெரியும். தேனீக்கள் உடம்பெல்லாம் வெள்ளையாகப் பெட்டிக்குத் திரும்பிப் போகும். எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் நூறு தேனீக்கு எத்தனை என்று வரும். இரண்டு மூன்றைத் தொட்டால் நான் மருந்துக்குப் போய்விடுவேன். மழை ஈரத்தில் சர்க்கரை கட்டியாகிவிடும், காய்ந்த நாளில் செய்யுங்கள். அண்ணனின் ஐந்து பெட்டிகளை எண்ணியதில் ஒன்றில் 17 உண்ணி இருந்தது.

அவர் ஏற்கெனவே மருந்து வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் என்ற உண்ணிக்கொல்லி மருந்தில் அட்டையை நனைத்து சட்டங்களுக்கு நடுவே சொருகியிருந்தார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தேனீக்கென்று விற்கும் அமிட்ராஸ் பட்டை, அளந்த மருந்தை வாரக்கணக்கில் மெல்ல மெல்ல விடுவது. அட்டையில் எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது. குறைவாகப் பட்டுப் பிழைத்த உண்ணியின் வம்சம் அடுத்த முறை அதே மருந்துக்கு அசையாது. மெழுகிலும் தேனிலும் எச்சம் தங்கும், அந்தத் தேனை நம் வீட்டுப் பிள்ளைகளும்தான் சாப்பிடுகிறார்கள்.

மூடிய கண்ணுக்குள்ளும் நுழைந்து கொல்லக்கூடியது ஃபார்மிக் அமில ஆவி. 85 சதவீத அமிலம் 5 மி.லி.யைச் சிறு குப்பியில் ஊற்றி, பஞ்சுத் திரி போட்டு, பெட்டியின் அடிப்பலகையில் வைப்பது நம் நாட்டில் பழகிய முறை. தீர்ந்ததை மறுபடி ஊற்றி இரண்டு வாரத்துக்கு மேல் தொடர வேண்டும். ஆனால் 30 டிகிரியைத் தாண்டினால் ஆவி மொத்தமாகக் கிளம்பி ராணியையும் புழுக்களையும் கொன்றுவிடும். குளிர்நாட்டுக் கையேட்டைப் பார்த்து நம் சித்திரை வெயிலில் வைத்து ராணியை இழந்தவர்களை நான் அறிவேன். சமவெளியில் தேன் எடுத்து முடித்த மார்கழி, தைதான் இதற்குக் காலம். கையுறை, கண்ணாடி இல்லாமல் அமிலக் குப்பியைத் திறக்கவே கூடாது.

அண்ணனிடம் போனது மாசியில், வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அதனால் வேறு வழி எடுத்தோம். ராணியை 24 நாள் சிறு கூண்டில் அடைத்து அடைக்குள்ளேயே வைத்தோம். அதற்குள் மூடிய கண்கள் எல்லாம் பொரிந்து, உண்ணிக்கு ஒளிய இடம் இல்லாமல் போகும். அப்போது ஆக்சாலிக் அமிலம் 35 கிராமை, சர்க்கரையும் நீரும் சமமாகக் கலந்த ஒரு லிட்டர் பாகில் கரைத்து, தேனீ நிற்கும் சட்ட இடுக்கு ஒவ்வொன்றிலும் 5 மி.லி. விட்டோம். ஒரு பெட்டிக்கு 50 மி.லி.யைத் தாண்டக் கூடாது. மேலே தேன் அறை இருக்கக் கூடாது. திரும்பத் திரும்ப விட்டால் தேனீக்கே கெடுதல். ஆக்சாலிக் அமிலம் மெழுகு மூடியைத் தாண்டாது. புழு நிறைந்த பெட்டியில் விட்டுவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வது அந்த மருந்துக்குச் செய்யும் அநியாயம்.

கன்னியாகுமரிப் பக்கம் நியூட்டன் என்ற சிறு மரப்பெட்டியில் நம் நாட்டு அடுக்குத் தேனீ வளர்ப்பவர்களுக்கு வேறு செய்தி. உங்களுக்கு இந்த அமிலம் எதுவும் வேண்டாம். வரோவாவை முதன்முதலில், 1904-ல், விவரித்ததே ஜாவாவில் அடுக்குத் தேனீயின் மேலிருந்து எடுத்ததை வைத்துத்தான். நெடுங்காலமாகச் சேர்ந்து வாழ்ந்த பழக்கத்தில் அந்தத் தேனீ உண்ணியைக் கடித்து உதறத் தெரிந்து வைத்திருக்கிறது. அதன் கூட்டில் உண்ணி பெருகுவது ஆண் தேனீக் கண்ணில்தான். உங்கள் பெட்டியில் புழு பை போல் நீர் கோத்துச் சாகிறதென்றால் அது பெரும்பாலும் தாய்லாந்தின் பெயரால் அழைக்கப்படும் தாய் சேக்புரூட் (Thai sacbrood) வைரஸ். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாக அழித்தது அதுதான். உண்ணி மருந்து அதற்குக் கேட்காது. அமிலம் வாங்கும் காசுக்குப் பலமான கூட்டிலிருந்து புது ராணியை வளர்த்தெடுங்கள்.

ஆக்சாலிக் அமிலம் விட்டு இரண்டு வாரம் கழித்து, அண்ணனின் தோட்டத்தில் 17 உண்ணி இருந்த அதே பெட்டியை மறுபடி எண்ணினோம். தட்டில் இரண்டு உண்ணி. பக்கத்துத் தோட்டத்து 25 பெட்டிகளை அதுவரை யாரும் எண்ணவில்லை. பிற பெட்டியில் தேன் திருடப் போகும் தேனீ வழியாகவும் வழி தவறி வரும் ஆண் தேனீ வழியாகவும் உண்ணி வேலி தாண்டி வரும். அன்று சாயங்காலமே அண்ணன் சர்க்கரை டப்பாவையும் வலை கட்டிய பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அங்கே போனார்.