நழுவும் கட்டைவிரல்

கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்தவர்கள் வலியோடு இன்னொன்றையும் அடிக்கடி சொல்வார்கள்: "கையில் எடுத்தது என்னை அறியாமல் நழுவிவிடுகிறது." கையில் பலம் போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். அது பாதி உண்மை.

மணிக்கட்டை ஒட்டியுள்ள இந்த மூட்டில் இரண்டு எலும்புகள் குதிரைச் சேணம் போல ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்திருக்கின்றன. விரல் எல்லாப் பக்கமும் திரும்புவது அதனால்தான். ஆனால் எலும்பின் பிடிமானம் குறைவு. மூட்டை இடத்தில் நிறுத்துபவை அதைச் சுற்றி எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் தசைகளும். நுனியில் 1 கிலோ விசையோடு எதையாவது கிள்ளிப் பிடித்தால், அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் விழும் என்கிறது ஒரு பழைய கணக்கு. அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களிடம் இந்தத் தேய்மானம் அதிகம்.

சரி, நழுவல் எங்கிருந்து வருகிறது? விரலைப் பார்க்காமலே அது எவ்வளவு வளைந்திருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது அல்லவா, அந்த நிலையுணர்வுக்கு 1906-ல் நரம்பியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் பெயர் வைத்தார். தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, தோல் எங்கே இழுபடுகிறது, நார் எவ்வளவு விறைத்திருக்கிறது என்ற தகவல்கள் ஓயாமல் மூளைக்குப் போகின்றன. கட்டைவிரல் மூட்டின் புறங்கைப் பக்க நார்களில் இந்த நரம்பு முனைகள் நிறைய உண்டு. நார் தளர்ந்தால் தகவல் மங்குகிறது. போதாக்குறைக்கு, வலிக்கும் மூட்டைச் சுற்றியுள்ள தசைகளை நரம்பு மண்டலம் தானாகவே அடக்கி வைக்கிறது. பிடி சற்றுத் தாமதமாகவோ தப்பான கோணத்திலோ விழுகிறது, கட்டைவிரல் எலும்பின் அடிப்பகுதி வெளிப்பக்கம் சறுக்குகிறது, மறுபடி வலி. எது முதலில் என்று பிரிப்பது கஷ்டம், ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

மூட்டில் தேய்வது குருத்தெலும்பு; அதில் வலி நரம்பே கிடையாது. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் மூட்டு சிலருக்கு அவ்வளவாக வலிப்பதில்லை. லேசான தேய்மானம் சிலரைப் படுத்தி எடுக்கிறது. படத்தை மட்டும் பார்த்து வலியை எடைபோடுவது சரியில்லை என்பேன்.

நிலையுணர்வைச் சோதிப்பது எளிது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, சிகிச்சையாளர் கட்டைவிரலை ஒரு கோணத்தில் வைத்துக் காட்டிவிட்டுப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார். நோயாளி அதே கோணத்துக்குத் தானே விரலைக் கொண்டுபோக வேண்டும். எத்தனை டிகிரி பிசகுகிறது என்பதுதான் அளவு. இதையே பயிற்சியாகவும் செய்யலாம். கூடவே, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் புடைக்கும் தசைக்கும் வேலை கொடுப்பார்கள்: ஆட்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கமாக நகர்த்த, மறு கை மெதுவாகத் தடுக்கும். அந்தத் தசை இறுகும்போது எலும்பின் அடி உள்ளே இழுபட்டு நிலைகொள்கிறது. எல்லாமே வலி வராத எல்லைக்குள்தான். வலியைப் பொறுத்துக்கொண்டு அழுத்தினால் அதே தசைகள் மறுபடி அடங்கிவிடும்.