மரம் இறங்க, காலி வண்டி ஏறும்

பரம்பிக்குளம் போய்வந்த பெரம்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அந்தக் காட்டுக்குள் ஒருகாலத்தில் ரயில் ஓடியதாம். சரிவுகளில் எஞ்சின் இல்லாமலே வண்டி ஏறி இறங்கியது என்றார் வழிகாட்டி. கதை விடுகிறாரா?”

இல்லை. கொச்சி சமஸ்தானம் தேக்கு, ஈட்டி மரங்களை மலையிலிருந்து இறக்கப் போட்ட டிராம்வே அது. பரம்பிக்குளம் முதல் சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். 1907-இல் ஓடத் தொடங்கி 1963-இல் நின்றது. சாலக்குடியில் மரம் பெரிய ரயிலுக்கு மாறி, கொச்சித் துறைமுகம் போகும். மட்டமான இடங்களில் நீராவி எஞ்சின் இழுத்தது. செங்குத்துச் சரிவுகளில் வேலை பார்த்தது புவியீர்ப்பு.

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டுக் கிணற்றில், ஒரே கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டியிருக்கும். ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். இதுவும் அதேதான். சரிவின் உச்சியில் பிரேக் வைத்த பெரிய உருளை, அதன் மேல் இரும்புக் கயிறு. ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, அடிவாரத்தில் இருக்கும் மறுமுனையில் காலி வண்டி. கனமானது இறங்கும்போது காலி வண்டி மேலே வந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் கயிறு. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: மர வண்டி 10 டன், காலி வண்டி 4 டன், ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவு. வித்தியாசம் 6 டன். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 1.2 டன், சரிவோடு இழுக்கும். சரிவின் நீளம் ஒரு கிலோமீட்டர், கயிறு மீட்டருக்கு 2 கிலோ என்றால் கயிறே 2 டன். புறப்படும்போது அது முழுக்கக் காலி வண்டிப் பக்கம் கிடக்கிறது. அதனால் 0.4 டன் போய் மிச்சம் 0.8தான், வண்டி சோம்பலாகக் கிளம்பும். நடுவழியில் கயிறு இரு பக்கமும் சமம், 1.2 டன். அடிவாரத்தை நெருங்கும்போது கயிறு மொத்தமும் கட்சி மாறி மர வண்டியோடு சேர்ந்துகொள்ளும்: 1.6 டன்! இழுவிசை இரட்டிப்பு. வண்டி நிற்க வேண்டிய நேரத்தில்தான் அது அதிகமாக ஓடப் பார்க்கும். பிரேக் பிடிப்பவர் கடைசிவரை கண்ணயர முடியாது.

அந்த பிரேக் எவ்வளவு சக்தியை விழுங்கும்? 6 டன் 200 மீட்டர் இறங்குகிறது. உராய்வையும் சேர்த்து மூன்று யூனிட்டுக்குச் சற்று அதிகம். நம் வீட்டு ஏசி இரண்டு மணி நேரம் ஓடும் மின்சாரம், ஒவ்வொரு தடவையும் வெறும் சூடாகப் போகும்.

உடனே ‘எரிபொருள் இல்லா எந்திரம்’ என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள். தண்ணீரில் ஓடும் பைக்குக்கு வாரம் ஒருமுறை விளக்கம் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. இங்கே எரிபொருள் மரம் இருந்த உயரம். மேலே இருப்பவர்களுக்கு அரிசி மூட்டை அனுப்ப வேண்டுமா? சரி, அதைவிடக் கனமாக மரம் இறங்கும்வரை மூட்டை அடிவாரத்திலேயே கிடக்கும்.