கணக்கீட்டாளர்: 'மனிதக் கணினி' ஏன் வேண்டாம்

அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். விண்வெளி அறிவியலில் உழைத்தும் பெயர் வெளியே வராமல் போன பெண்களைப் பற்றிய ஒரு சிறுவர் கட்டுரையை அவளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "கேத்தரின் ஜான்சன் நாசாவில் மனிதக் கணினியாகப் பணிபுரிந்தார்" என்று ஒரு வரி. நான் அடுத்த பத்தியை முடிப்பதற்குள் அவள் ஓரத்தில் பென்சிலால் ஒரு படம் போட்டுவிட்டாள். சதுரத் தலை, அதன் மேல் ஆன்டெனா, இரண்டு பக்கமும் சடை. "மாமா, இவங்க பாதி ரோபோவா?" என்று கேட்டாள்.

குழந்தை மேல் தப்பே இல்லை. எழுதியிருப்பதைத்தான் வரைந்தாள். ஆங்கிலத்தில் உள்ள 'ஹியூமன் கம்ப்யூட்டர்' என்பதன் நேர் மொழிபெயர்ப்பான இந்த 'மனிதக் கணினி' எத்தனை கட்டுரைகளில், எத்தனை காணொளிகளில் வந்துவிட்டது! இனியாவது நிறுத்த வேண்டும்.

கம்ப்யூட்டர் என்பது கணக்கிடுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் உண்டு. அப்போது அது ஆளைத்தான் குறித்தது: கணக்குப் போடுபவர். இயந்திரம் பிறகு வந்தது. ஆள் பார்த்த வேலையைப் பார்த்ததால் ஆளின் பெயரும் அதற்கு வந்து சேர்ந்தது. தமிழில் கதையே வேறு. கணினி, கணிப்பொறி இரண்டுமே இயந்திரத்துக்கென்று நாம் வைத்த பெயர்கள். அவற்றுக்குள் ஒரு நாளும் ஆள் இருந்ததில்லை. முன்னால் 'மனித' என்று ஒட்டினால் ஆள் வந்துவிடுவாரா?

"சகுந்தலா தேவியை மனிதக் கணினி என்று சொல்கிறோமே" என்பார்கள். சொல்கிறோம், சரிதான். 1980இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு 13 இலக்க எண்களை 28 நொடியில் பெருக்கிச் சொன்னவர் அவர். இயந்திரம் போல வேகம் என்ற பாராட்டு அது, ஓர் உருவகம். கேத்தரின் ஜான்சனுக்கு அது பாராட்டு இல்லை, 1953இல் வேலைக்குச் சேர்ந்தபோது கிடைத்த பதவிப் பெயர். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், அலுவலகத்தில் உட்கார்ந்து சம்பளத்துக்கு உழைத்த ஒரு பெண் வித்தை காட்டுபவராக ஆகிவிடுகிறார்.

இதைவிட எனக்கு வலிப்பது திணை. அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் கணக்குப் போட்ட பெண்களை 'ஹார்வர்டு கணினிகள்' என்று எழுதுகிறார்கள். எழுதிவிட்டு, "இக்கணினிகள் லட்சக்கணக்கான விண்மீன்களை வகைப்படுத்தின" என்று முடிக்கிறார்கள். வகைப்படுத்தின! ஆங்கில வினைக்குத் திணை கிடையாது, அங்கே இந்தச் சிக்கலே எழாது. தமிழில் ஒரே ஒரு விகுதி அந்தப் பெண்களை அஃறிணையாக்கிவிடுகிறது. யார் அவர்கள்? வில்லியமினா ஃபிளெமிங், ஆய்வக இயக்குநர் பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாக இருந்து ஆய்வகத்துக்குள் வந்தவர். 1888இல் குதிரைத்தலை நெபுலாவைக் கண்டுபிடித்தவர். ஆனி ஜம்ப் கேனன், தனியொருவராகச் சுமார் மூன்றரை லட்சம் விண்மீன்களை வகைப்படுத்தியவர். ஹென்ரியெட்டா லீவிட், காது சரியாகக் கேட்காதவர்; வானத்தைப் படமெடுத்த கண்ணாடித் தட்டில் கரும்புள்ளிகளாகப் பதிந்திருந்த விண்மீன்களை உருப்பெருக்கியால் ஒவ்வொன்றாகப் பார்த்து, எது மங்குகிறது, எது பிரகாசிக்கிறது, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று குறித்துக்கொண்டே போனவர். அந்தக் குறிப்புகளிலிருந்து 1912இல் அவர் சொன்ன விதிதான் விண்மீன் கூட்டங்களின் தூரத்தை அளக்க வழிகாட்டியது. மணிக்கு 30 சென்ட் சம்பளம். இவர்களை 'அவை' என்று எழுத எப்படிக் கை வருகிறது?

சரி, என்ன சொல்லலாம்? கணிப்பாளர் என்கிறார்கள் சிலர். கருத்துக்கணிப்பும் ஜாதகம் கணிப்பதும் புழங்கும் காலத்தில், கணிப்பு என்றால் வரப்போவதை ஊகிப்பது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். கணக்கர் பழைய சொல், நல்ல சொல். ஆனால் வரவு செலவு பார்ப்பவருக்குப் போய்விட்டது. எனக்கு ஆசை கணியர் மேல்தான். கணியன் பூங்குன்றனாரை எல்லாருக்கும் தெரியும். சிலப்பதிகாரத்தில் அரசவையில் பெருங்கணி இருக்கிறார். வானத்தைப் பார்த்துக் காலத்தைக் கணக்கிட்டவருக்கு நம்மிடம் இருந்த பெயர் அது. லீவிட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. ஆனால் இன்றைய அகராதியில் கணியன் என்றால் சோதிடன். பத்து வயதுப் பிள்ளைக்கு அதை விளக்கப் போனால் லீவிட் நழுவிவிடுவார். ஆகவே கணக்கீட்டாளர். கணக்கீடு பள்ளிக்கூடத்திலேயே பழகிய சொல், 'ஆளர்' வந்தால் ஆள் என்று தெரியும், வினையும் தானாக 'வகைப்படுத்தினார்கள்' என்று முடியும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், அந்தச் சொல் எந்த ஆண்டில் சொல்லப்பட்டது என்று பார்ப்பதில்லை. கேத்தரின் ஜான்சன் வேலை பார்த்த, வர்ஜீனியாவில் உள்ள லாங்லி ஆய்வகத்தில் கறுப்பினப் பெண்களைத் தனியாக உட்காரவைத்த பிரிவை 'மேற்குப் பகுதிக் கணினிப் பிரிவு' என்கிறார்கள். அங்கே இருந்தவை மேசைகளும் கைக்கணக்கு இயந்திரங்களும்தான். அந்தப் பிரிவுக்கு 1949இல் தலைமையேற்ற டோரத்தி வான், பிற்பாடு நிஜக் கணினி வந்து இறங்கியபோது ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைத் தானே கற்று மற்ற பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். முதலிலிருந்தே கணினிப் பிரிவு என்று எழுதிவிட்டால், அவர் எதைப் புதிதாகக் கற்றார் என்று பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

1962 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படுவதற்கு முன், ஐபிஎம் இயந்திரம் தந்த எண்களை நம்பாமல், கேத்தரின் ஜான்சன் கையால் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதை இப்படி ஒரே வரியில் எழுதிவிடலாம்: "கணினி போட்ட கணக்கைக் கணக்கீட்டாளர் சரிபார்த்தார்."