ஜப்பான் பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசுகி எப்படி 45 வயசு வரைக்கும் ஆடினாரு?

பேஸ்பால்ல 150 கிலோமீட்டர் ஸ்பீடுல ஒரு பந்து பிட்சர் (பந்து எறியறவரு) கையை விட்டுச்சுன்னா பேட்டர்கிட்ட வந்து சேர 0.4 செகண்ட்தான். அதுல பேட்டைச் சுத்தவே சுமார் 0.15 செகண்ட் போயிடும், கண்ணு பாத்தது மூளைக்குப் போய் கைக்கு ஆர்டர் வரவும் நேரம் வேணும், ஆக பந்து பாதி தூரம் வர்றப்பவே அடிக்கலாமா விடலாமான்னு முடிவு பண்ணியாகணும். கடைசி சில அடியில பந்தைக் கண்ணால தொடரவே முடியாது, எங்க வரும்னு மூளை முன்னாடியே கணக்குப் போட்டுடும். கிரிக்கெட் மாதிரி தட்டையான பேட்டும் கிடையாது, உருண்டைக் கட்டையால உருண்டைப் பந்தை அடிக்கணும், சில மில்லிமீட்டர் மேல கீழ பட்டாலே போச்சு. பந்தை அடிச்சிட்டு, ஓடிப் போய்த் தொட வேண்டிய நாலு இடத்துல முதல் இடமான 'முதல் பேஸை' அவுட் ஆகாம தொட்டா அது ஒரு ஹிட். பத்துக்கு மூணு ஹிட் அடிச்சாலே அங்க பெரிய ஆளு.

இந்த வேலையைத்தான் இச்சிரோ 1992ல ஜப்பான்ல ஆரம்பிச்சு 2019 மார்ச்ல டோக்கியோ டோம்ல முடிச்சாரு. ஜப்பான்ல 1278, அமெரிக்காவுல 3089, மொத்தம் 4367 ஹிட். 2004ல அமெரிக்காவோட சியாட்டில் மரினர்ஸ் டீமுக்கு ஒரே சீசன்ல 262 ஹிட் அடிச்சாரு, 1920ல ஜார்ஜ் சிஸ்லர் வச்ச 257 ஹிட் ரெக்கார்டு அப்பதான் உடைஞ்சது.

என்னைக் கேட்டா அவரோட பெரிய பலம் அந்த 0.4 செகண்டுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. பந்தை எறியறது வலது கை, ஆனா பேட்டிங் இடது பக்கம், அங்க நின்னாலே முதல் பேஸ் ஓரிரு எட்டு பக்கம். அதோட உடம்பு எடையை முன்னாடி தள்ளிக்கிட்டே அடிப்பாரு, பழைய கோச்சுங்க தப்புன்னு சொல்ற ஸ்டைல், ஆனா அடிச்சு முடிக்கறப்பவே கால் பேஸ் பக்கம் கிளம்பியிருக்கும். 27.4 மீட்டர் ஓடணும். ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கற ஃபீல்டர்) பக்கம் உருண்டு போற பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிய சுமார் நாலு செகண்ட் ஆகும், அதுக்கு ஒரு நூல் முன்னாடி இவரு பேஸை மிதிச்சிடுவாரு, வேற ஆளுக்கு அவுட், இவருக்கு ஹிட்.

வயசானா ரியாக்‌ஷனும் ஓட்டமும் குறையும், யாரும் தப்ப முடியாது. 2001லேருந்து 2010 வரைக்கும் வருஷா வருஷம் 200 ஹிட் தாண்டினவரு 2011ல 184ல நின்னாரு. அப்பவும் ஸ்ட்ரெச்சிங்கை விடல, பேட்டை ஈரம் ஏறாத பெட்டியில வச்சிருப்பாரு, மரம் ஈரத்தை உறிஞ்சினா எடை கூடும், எடை மாறினா மூளை பழகி வச்ச டைமிங்கும் மாறும், அந்த அளவுக்குப் பாத்தாரு. 2016ல மயாமி மார்லின்ஸுக்கு ஆடறப்ப 42 வயசு, அமெரிக்காவுல 3000ஆவது ஹிட் டென்வர்ல வந்துச்சு, பந்து வலது பக்கச் சுவத்துல பட்டுச்சு, மனுஷன் மூணாவது பேஸ் வரைக்கும் ஓடிட்டாரு.